புல்லுக்கு அடியில்: ஒரு ஐ.நா. வாக்கியத்துக்கு விளக்கவுரை

2017 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாட்டுக்குத் தலைமை ஏற்ற நாடு ஃபிஜி. அங்கே நிறைவேறிய தீர்மானங்களில் ஒன்றுக்கு, ஃபிஜியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் கொரோனிவியா என்ற ஊரின் பெயர் வந்து சேர்ந்தது. அதுவரை உழவும் கால்நடையும் காலநிலைப் பேச்சுவார்த்தையில் கருத்தரங்குப் பொருளாகவே இருந்தன. அறிவியல் ஆலோசனைக் குழுவும் செயலாக்கக் குழுவும் ஒன்றாக அமர்ந்து உழவைப் பற்றிப் பேச வேண்டும் என்று முதலில் சொன்னது கொரோனிவியா தீர்மானம்தான். பேச வேண்டியவை என்று ஆறு பொருள்களை அது பட்டியலிட்டது. அவற்றுள் மூன்றாவதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

மேம்பட்ட மண் கரிமம், மண் நலம், மண் வளம். புல்வெளியிலும் பயிர்நிலத்திலும், ஒருங்கிணைந்த முறைகளிலும். நீர் மேலாண்மை உட்பட.

இவ்வளவுதான். வினைமுற்று கிடையாது. யார் செய்வது, எவ்வளவு, எந்த ஆண்டுக்குள் என்ற எதுவும் கிடையாது. ஆனாலும் உலகின் மேய்ச்சல் நிலங்களைக் காலநிலைக் கொள்கைக்குள் கொண்டுவர நடக்கும் முயற்சிகளை அளந்து பார்க்க இந்த ஒரு வரி போதும். கரிமத்தை நலம், வளம், நீர் ஆகியவற்றோடு ஒரே தொடரில் கட்டி வைத்திருப்பதுதான் இதன் சிறப்பு. இன்று சந்தை செய்வது அந்தக் கட்டை அவிழ்த்துக் கரிமத்தை மட்டும் எடுத்து டன் கணக்கில் விற்பது. அந்தப் பிரிப்பு தவறு என்பதே இந்த உரையின் கருத்து.

பழைய உரைகாரர்களைப் போலக் கொண்டுகூட்டி, அடைமொழியைப் பிறகு வைத்துக்கொண்டு, பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

மண் கரிமம்

புல் தன் இலையால் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து மாவுச்சத்தாக மாற்றுகிறது. அதில் ஒரு பெரும்பங்கு மண்ணுக்கு மேலே நிற்பதில்லை, வேருக்கு இறங்குகிறது. வேர் அதை வைத்துத் தன்னை வளர்த்துக்கொள்வதோடு, சர்க்கரையாகவும் அமிலமாகவும் சுற்றியுள்ள மண்ணில் கசியவும் விடுகிறது. நுண்ணுயிர்கள் அந்தக் கசிவைத் தின்று பெருகி, மடிகின்றன. மடிந்த உடல்கள் களிமண் துகள்களின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிய கரிமம் பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள் கூட நிற்கும். இன்னொரு பங்கு, பாதி மக்கிய வேர்த்துண்டுகளாகவே மண்ணில் கிடக்கும். அது எளிதில் சேரும், எளிதில் போகும். ஓர் உழவோ நீண்ட வறட்சியோ போதும், மீண்டும் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும்.

இந்த இரண்டு பங்கையும் பிரித்துப் பார்க்காமல் “மண் கரிமம் கூடியது” என்று சொல்வதில் பொருள் குறைவு. நிலைக்கும் கரிமம் எவ்வளவு, அடுத்த கோடையில் போய்விடும் கரிமம் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி டன் கரிமம் இருக்கிறது. காற்று மண்டலத்தில் உள்ள கரிமத்தையும் உலகத் தாவரங்கள் அனைத்திலும் உள்ள கரிமத்தையும் கூட்டினாலும் இதைத் தொடாது. மனிதர் உழவும் மேய்க்கவும் தொடங்கிய 12,000 ஆண்டுகளில் மண் இழந்தது 10,000 கோடி டன்னுக்கும் மேல் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த இழப்பில் மேய்ச்சல் நிலத்துக்கும் பெரிய பங்கு உண்டு. போனதைத் திரும்பக் கொண்டுவரலாமே என்ற நம்பிக்கை இந்த எண்களிலிருந்துதான் பிறக்கிறது. 2015இல் பாரீஸ் மாநாட்டின்போது பிரான்சின் அன்றைய வேளாண் அமைச்சர் ஸ்தெஃபான் லெ ஃபோல் “ஆயிரத்துக்கு நான்கு” என்ற இயக்கத்தைத் தொடங்கினார். மண்ணில் உள்ள கரிமத்தை ஆண்டுதோறும் ஆயிரத்தில் நான்கு பங்கு கூட்டினால் காற்றில் சேரும் கரியமில வாயுவைப் பெரிய அளவில் தடுக்கலாம் என்பது அதன் கணக்கு.

அந்தக் கணக்கை ஒரு வயலுக்குள் கொண்டுபோய்ப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் நிலம், 30 செ.மீ. ஆழம். ஒரு கன மீட்டர் மண் 1.3 டன் எடை என்றால் மொத்த மண் 3,900 டன். அதில் கரிமம் 1 சதவீதம் என்று கொண்டால் 39 டன். ஆயிரத்துக்கு நான்கு என்பது ஆண்டுக்கு 156 கிலோ. சதவீதமாகச் சொன்னால் 1 என்பது 1.004 ஆகிறது. சாணம் விழுந்த இடத்தில் ஒரு துளை போட்டு மண் எடுங்கள். இரண்டு எட்டு தள்ளி இன்னொரு துளை போடுங்கள். இரண்டுக்கும் இடையே இருக்கும் வேறுபாடு இந்த 0.004ஐப் போலப் பல மடங்கு இருக்கும். ஆகவே ஓராண்டு, ஈராண்டு அளந்து “இத்தனை டன் சேர்ந்தது” என்று சீட்டு எழுதிக் கொடுப்பவர்களை நம்ப முடியாது. குறைந்தது ஐந்து முதல் பத்தாண்டு இடைவெளி வேண்டும், துளைகள் பல வேண்டும். மாட்டுக் குளம்பு பட்டு மண் இறுகினால் அதே 30 செ.மீ.க்குள் அதிக மண் அடங்கிவிடும், கரிமம் கூடியதுபோலத் தோன்றும். அதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

மேம்பட்ட

எதைவிட மேம்பட்டது? தீர்மானம் சொல்லவில்லை. மேய்ச்சல் நிலக் கரிமம் பற்றிய சண்டைகளில் பாதி இந்த ஒரு கேள்வியில் அடங்கும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வைட் ஓக் பாஸ்சர்ஸ் என்ற பண்ணை இருக்கிறது. பயிர் செய்து ஓய்ந்துபோன நிலங்களை வாங்கிப் புல் வளர்த்து, மாடு, ஆடு, பன்றி, கோழி என்று மாற்றி மாற்றி மேய விட்டார்கள். 2020இல் வெளியான ஆய்வு, இருபது ஆண்டுக் காலத்தில் சராசரியாக ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 2.29 டன் கரிமம் மண்ணில் சேர்ந்ததாகச் சொன்னது. மேலே நாம் கணக்கிட்ட 156 கிலோவோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ பதினைந்து மடங்கு. மேய்ச்சலால் பூமியைக் குளிர்விக்கலாம் என்பவர்கள் இந்த எண்ணை எங்கும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

எண் பொய்யல்ல. ஆனால் அது பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் அந்த மண் கிட்டத்தட்டக் காலி. காலிக் குதிர் முதல் அறுவடையில் வேகமாக ஏறும். முக்கால் நிறைந்த குதிரில் அதே நெல்லைக் கொட்டினால் சீக்கிரம் வழியும். மண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. உள்ளே வருவதும் மக்கி வெளியே போவதும் சமமானால் அதற்கு மேல் கரிமம் ஏறாது. கெட்டுப்போன நிலத்தில் முதல் இருபது, முப்பது ஆண்டு கிடைக்கும் வேகத்தை நல்ல நிலத்துக்கும், அடுத்த நூறு ஆண்டுக்கும் நீட்டிக் கணக்குப் போடக் கூடாது. அந்த ஆய்வும் ஒரே நிலத்தை இருபது ஆண்டு பின்தொடர்ந்ததன்று. வெவ்வேறு காலத்தில் புல்லுக்கு மாறிய நிலங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அதே அளவு இறைச்சிக்கு அந்த முறைக்கு வேண்டிய நிலம் வழக்கமான முறையைப்போல 2.5 மடங்கு.

2013இல் ஜிம்பாப்வேயின் ஆலன் சேவரி ஆற்றிய டெட் உரை உலகெங்கும் பரவியது. மந்தையை நெருக்கமாகக் கூட்டி, வேகமாக இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் பாலைவனமும் பசுமையாகும், காலநிலையும் திரும்பும் என்றார். நான்காண்டு கழித்து, 2017இல், ஆக்ஸ்ஃபோர்டில் தாரா கார்னெட் தலைமையிலான குழு அந்த நம்பிக்கையை எண்களால் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. எல்லாவற்றையும் தாராளமாக வைத்துக் கணக்கிட்டாலும், நல்ல மேய்ச்சல் முறையால் மண்ணில் சேரும் கரிமம் மேயும் கால்நடைகள் வெளியிடும் வாயுவில் 20 முதல் 60 சதவீதத்தையே ஈடுகட்டும். மனிதர் வெளியிடும் மொத்தப் பசுங்குடில் வாயுவில் அது 0.6 முதல் 1.6 சதவீதம் என்பது அதன் முடிவு. சிறிய எண்தான். மேய்ச்சல் நிலத்தைக் கைவிடலாம் என்று அதற்குப் பொருளில்லை. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்துக்கொண்டே புல்லைக் காட்டித் தப்பிக்க முடியாது என்றுதான் பொருள்.

மழைக்கும் “மேம்பட்ட” என்பதில் ஒரு பங்கு உண்டு. வறட்சி முடிந்து மழை பெய்த ஆண்டுகளில் எந்த மேய்ப்பு முறையாக இருந்தாலும் புல் எழும், வேர் இறங்கும், கரிமம் கூடும். ஆஸ்திரேலியாவில் மண் கரிமத்துக்கு அரசு சான்று தருகிறது. உரிமையாளர் 25 அல்லது 100 ஆண்டு அதைக் காப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். 25 ஆண்டைத் தேர்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு பிடித்தம். ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் மழைக்கால ஏற்றத்தை மேலாண்மையின் சாதனையாக எழுதிவிடும் ஆபத்தை அந்நாட்டு மண்ணியலாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். மழை தந்ததை அடுத்த வறட்சி எடுத்துக்கொண்டால், விற்ற சீட்டை யார் திருப்பித் தருவது?

மண் நலம், மண் வளம்

கரிமம் தனியாக மண்ணில் தங்காது. மண்ணில் நிலைக்கும் அங்ககப் பொருளில் பன்னிரண்டு பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருக்கும். ஒரு டன் கரிமம் சேர வேண்டுமானால் 80 கிலோவுக்கு மேல் தழைச்சத்தும் மண்ணில் சேர்ந்தாக வேண்டும். அது எங்கிருந்து வரும்? யூரியாவிலிருந்து என்றால், அதைத் தயாரிக்க எரிவாயு எரிகிறது, வயலில் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறது. சேமித்ததில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். பயறு வகைச் செடியின் வேர் முடிச்சிலிருந்து வரலாம், சாணத்திலிருந்தும் கோமியத்திலிருந்தும் வரலாம். தீர்மானம் கரிமத்தை அடுத்து உடனே வளத்தை வைத்தது சரியான அடுக்கு.

இதைக் கொள்கையாகச் செய்து காட்டிய நாடு போர்ச்சுகல். கியோட்டோ உடன்படிக்கையின் முதல் காலகட்டத்தில், மேய்ச்சல் நில மேலாண்மையைத் தன் கணக்கில் சேர்ப்பது நாடுகளின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. பெரும்பாலான நாடுகள் ஒதுக்கிவிட்டன. போர்ச்சுகல் எடுத்துக்கொண்டது. அங்கே அலென்தேஜோ பகுதியில் ஓக் மரங்களுக்கு இடையே வறண்ட, சத்திழந்த மேய்ச்சல் நிலம் பரந்து கிடக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்நாட்டு வேளாண் அறிஞர் டேவிட் கிரெஸ்போ, பயறு வகைக் கொடிகளும் புற்களுமாகப் பல இனங்களைக் கலந்து விதைக்கும் நிரந்தர மேய்ச்சல் முறையை உருவாக்கியிருந்தார். 2009 முதல் 2014 வரை போர்ச்சுகலின் அரசுக் கரிம நிதி, டெராப்ரிமா என்ற அமைப்பின் வழியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. ஏறத்தாழ 50,000 ஹெக்டேரில் அந்தப் புல் விதைக்கப்பட்டது.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பணம் கொடுத்த விதம். ஒவ்வொரு விவசாயியின் மண்ணிலும் எத்தனை கிலோ கரிமம் ஏறியது என்று தராசு வைக்கவில்லை. விதைத்தாயா, பராமரித்தாயா, சொன்னபடி மேய்த்தாயா என்று பார்த்தார்கள், ஆலோசகர்கள் வயலுக்கு வந்தார்கள், செய்தவருக்குப் பணம் போனது. கரிமக் கணக்கை நாட்டளவில், ஆய்வு மாதிரிகளை வைத்து அரசு போட்டுக்கொண்டது. அளக்க முடியாததை அளந்ததாகப் பொய் சொல்ல வேண்டிய நெருக்கடி விவசாயிக்கு இல்லை. சரியான மேய்ப்புக்குப் பணம், டன்னுக்கு விலையில்லை. இந்தியாவில் யாராவது புல்வெளிக்குத் திட்டம் எழுதினால் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

புல்வெளியில்

பனி மூடாத உலக நிலப்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு புல்வெளி. ஆனால் அரசுக் கோப்புகளில் அதற்கு ஒரு மரியாதையான பெயர் கிடைப்பது அரிது. இந்தியத் தரிசு நில வரைபடங்களில் புல்வெளிகள் பலவும் தரிசு, புதர் நிலம் என்றே பதிவாகின்றன. 2015இல் இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த வாக்குறுதியில், 2030க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் கூடுதலாகப் பிடித்து வைப்போம் என்று இருக்கிறது. எதன் வழியாக? காடு, மர வளர்ப்பு. புல்வெளி என்ற சொல்லே இல்லை. அதனால் புல்வெளியில் மரம் நட்டால் அது காலநிலைத் தொண்டாகிறது. புல்வெளியைப் புல்வெளியாகவே காத்தால் கணக்கில் ஒன்றும் ஏறுவதில்லை.

இந்தப் பார்வை என்ன செய்யும் என்பதற்குக் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் உள்ள பன்னி சாட்சி. ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புல்வெளி அது. மால்தாரிகள் எனப்படும் மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே எருமையும் மாடும் வளர்க்கிறார்கள். பன்னி எருமைகள் பொழுது சாய்ந்ததும் ஆள் துணையின்றிக் கூட்டமாக மேயப் போய், இரவெல்லாம் புல்லில் திரிந்து, விடியலில் பால் கறக்கத் தாமாகவே திரும்பி வரும். பகல் வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் உள்ள நிலத்தில் அப்படி மேய்ந்து வாழப் பழகிய இனம்.

1955இல் பன்னி பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. 1961இலிருந்து, கட்ச் உப்புப் பாலை பரவுவதைத் தடுக்கவென்று வனத்துறை அங்கே ஒரு வெளிநாட்டு முள்மரத்தை விதைத்தது. நம் ஊரில் சீமைக்கருவேலம், வேலிக்காத்தான் என்று சொல்வோமே, அதே மரம். கட்ச் மக்கள் அதைப் “பைத்தியக் கருவேலம்” என்ற பொருளில் காண்டோ பாவல் என்கிறார்கள். ராமநாதபுரம், விருதுநகர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் விளக்கமின்றியே புரியும். அதன் நெற்றைத் தின்ற மாடுகளின் சாணத்தில் விதை பரவியது. புல் மறைந்த இடமெல்லாம் முள் வந்தது. மரம் கூடியதால், செயற்கைக்கோள் படத்தில் பன்னி பசுமையாகத் தெரிந்திருக்கும். மேய்ப்பருக்கு அது பசுமையன்று. வறண்ட நிலத்து மரத்தின் கரிமத்தில் பெரும்பங்கு மண்ணுக்கு மேலே, வெட்டினாலும் எரித்தாலும் போய்விடும் இடத்தில் நிற்கிறது. புல்லின் கரிமம் கீழே, தீயும் கோடரியும் எட்டாத இடத்தில் இருக்கிறது.

மால்தாரிகள் 2008இல் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் பொது மேய்ச்சல் உரிமை கேட்டார்கள். ஆக்கிரமிப்புகளை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2021இல் தீர்ப்பாயம் ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னது, அந்த நிலத்தைக் காக்கும் மால்தாரிகளின் உரிமையையும் ஏற்றது. முள்ளை வேரோடு எடுத்து, நிலத்துக்கு ஓய்வு கொடுத்து, புல் விதைத்து, பிறகு மேய விடும் வேலை சிறிது சிறிதாக நடக்கிறது. புல்வெளி மீட்பு என்று நான் சொல்வது இதைத்தான். இதில் அறிவும் உழைப்பும் மேய்ப்பருடையவை.

எதிர்த்திசைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வட கென்யாவில் ஏறத்தாழ 19 லட்சம் ஹெக்டேரில் புல்வெளிக் கரிமத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. போரானா, சம்புரு, ரெண்டில்லே மக்களின் “திட்டமில்லாத” மேய்ச்சலை மாற்றி, சுழற்சி முறையில் திட்டமிட்டு மேய்த்தால் மண்ணில் கரிமம் சேரும் என்பது அதன் அடிப்படை. மெட்டா, நெட்ஃப்ளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் அதன் கரிமச் சீட்டுகளை வாங்கின. 2023இல் சர்வைவல் இன்டர்நேஷனல் வெளியிட்ட அறிக்கை அந்த அடிப்படையையே கேள்வி கேட்டது. போரானா மக்களிடம் எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் மேய்ப்பது என்று முதியோர் கூடி முடிவு செய்யும் தேதா என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதைத் திட்டமின்மை என்று எழுதிவிட்டுத்தான் திட்டம் தொடங்குகிறது என்றது. 2025 ஜனவரியில் இசியோலோ நீதிமன்றம், அப்பகுதியின் இரண்டு பாதுகாப்பகங்கள் மக்களை முறையாகக் கலந்தாலோசிக்காமல் அமைக்கப்பட்டவை, சட்டப்படி செல்லாது என்றது. அதற்குப் பின், கரிமச் சீட்டுகளுக்குச் சான்றளிக்கும் அமைப்பான வெர்ரா திட்டத்தை நிறுத்தி வைத்தது.

கென்யாவில் நடந்ததை ஊழல் என்றோ மோசடி என்றோ ஒற்றைச் சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. அங்கே உழைத்தவர்களில் நல்லெண்ணம் கொண்டவர்கள் பலர் இருப்பார்கள். ஆனால் மேய்ப்பருக்கு மேய்க்கத் தெரியாது என்ற முன்முடிவில் தொடங்கும் எந்தக் காலநிலைத் திட்டமும் அநீதியில்தான் போய் முடியும். மந்தைப் பாதைகள் அடைபட்டு, நல்ல நிலம் பண்ணைக்கும் சாலைக்கும் போய், மிஞ்சிய இடத்தில் ஆடுமாடு நெருங்கினால் புல் தேயத்தான் செய்யும். அதற்குக் காரணம் மேய்ப்பரின் அறியாமை அன்று.

பயிர்நிலத்தில்

இங்கே ஒன்று மட்டும். புல்வெளியை உழுது பயிர்நிலமாக்கினால், பல பத்தாண்டுகளில் சேர்ந்த கரிமம் சில ஆண்டுகளிலேயே பெருமளவு போய்விடும். ஏறுவது மெதுவாக, இறங்குவது வேகமாக. ஆகவே இருக்கும் புல்வெளியை உழாமல் விடுவது, புதிதாக உருவாக்குவதைவிட முதன்மையானது.

ஒருங்கிணைந்த முறைகளில்

ஆடுமாடு, மரம், பயிர் ஆகியவை ஒன்றையொன்று தாங்கும் ஏற்பாடு என்று பொருள். பன்னாட்டு அறிக்கைகள் இதைப் புதிய கண்டுபிடிப்புபோல எழுதுகின்றன. காங்கேயம் பக்கம் போனால் இதற்குப் பெயர் கொறங்காடு. சில ஏக்கர் அளவில் பாத்தி பாத்தியாகப் பிரித்த சொந்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உயிரோடு நிற்கும் வேலி. தரையில் கொழுக்கட்டைப்புல். நடுநடுவே வெள்வேல மரம், நிழலுக்கும் நெற்றுக்கும். மாட்டை ஒரு காட்டில் விட்டு, அது மேய்ந்ததும் அடுத்ததுக்கு மாற்றி, முதல் காட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள். வேலியைத் தாண்ட வழியில்லாததால் மேய்ப்பவர் நாள் முழுக்கக் கூடவே நிற்க வேண்டியதில்லை. காங்கேயம் காளைகள் வளர்ந்தது இந்தப் புல்லில்தான். இந்தக் காடுகள் இன்று மனைகளாகவும் ஆலைகளாகவும் துண்டாகிக்கொண்டிருக்கின்றன.

கிடை போடுவதும் இதே வகைதான். ராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த காவிரிப் படுகைக்கு ஆடுகளை ஓட்டிப்போய், வயலுக்கு வயல் இரவில் கிடை மறித்து, புழுக்கையும் கோமியமும் மண்ணில் விழச் செய்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தில் உண்ட சத்து பயிர்நிலத்தில் இறங்குகிறது. வயல்காரர் அதற்குக் கூலி தருகிறார். மண் வளத்துக்குப் பணம் கொடுக்கும் சந்தை நம்மிடம் கரிமச் சீட்டு வருவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. அதில் தரகரும் இல்லை, டன் கணக்கும் இல்லை.

நீர் மேலாண்மை உட்பட

“உட்பட” என்று கடைசியில் ஒட்டவைத்திருக்கிறார்கள். வறண்ட நாட்டு மேய்ப்பருக்கு இதுதான் முதல் சொல்.

மண்ணில் கரிமம் கூடினால் ஏராளமான நீரைப் பிடித்து வைக்கும் என்று எங்கும் எழுதுகிறார்கள். அளந்து பார்த்தவர்கள் சொல்வது அடக்கமானது. பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கணக்கின்படி, கரிமம் 1 சதவீதப் புள்ளி கூடினால் செடிக்குக் கிடைக்கும் நீர் 100 மி.மீ. மண்ணுக்குச் சராசரியாக 1.16 மி.மீ. கூடும். 30 செ.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ மூன்றரை மி.மீ., ஹெக்டேருக்கு 35,000 லிட்டர். நல்ல மழை நாளில் இது சிறியது. பெரிய பயன் வேறிடத்தில் இருக்கிறது. புல் மூடிய மண்ணில் வேர்த்துளையும் சாண வண்டு குடைந்த துளையும் இருப்பதால் மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்குகிறது. வெறுந்தரையில் விழும் மழை மேல்மண்ணையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகிறது.

பன்னியில் இறங்கும் மழைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அங்கே நிலத்தடி நீர் உப்பு. மழைநீர் அடர்த்தி குறைந்தது, அதனால் உப்புநீரின் மேல் தனிப் படலமாக நிற்கும். மால்தாரிகள் மழைநீர் தேங்கும் தாழ்ந்த இடத்தில் ஆழமில்லாத குழி தோண்டி, மரச்சட்டமும் புல்லும் வைத்துச் சுவர் எழுப்பி, மேல்படலத்து நன்னீரை மட்டும் ஊறவிட்டு எடுப்பார்கள். விர்தா என்பது அதன் பெயர். அளவு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். எவ்வளவு இறைக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். புல், மாடு, நீர், மனிதர் நான்கையும் சேர்த்து நிர்வகிக்கும் அறிவு இது. கரிமம் அந்த நிர்வாகத்தின் விளைவாக வருவது.

சொல்லெச்சம்

வாக்கியத்தில் வராமல் நின்ற சொற்களை வருவித்து உரைப்பது உரைகாரர் கடமை. இங்கே இரண்டைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று, மீத்தேன். அதே பட்டியலின் ஐந்தாவது பொருள் கால்நடை மேலாண்மை. மூன்றாவதை அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டி எருமை ஒன்றுக்கு ஆண்டுக்கு 55 கிலோ மீத்தேன் என்று கொள்கிறது. நூறாண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ ஒன்றரை டன் கரியமில வாயுவுக்குச் சமம். மண்ணில் ஆண்டுதோறும் 400 கிலோ கரிமம் ஏறினால் ஓர் எருமைக்கு ஈடாகும், அதுவும் மண் நிறையும் வரை மட்டும். ஆனால் மீத்தேன் பன்னிரண்டு ஆண்டு அளவில் காற்றில் சிதைந்துவிடும், அதன் கரிமமும் இந்த ஆண்டுப் புல்லிலிருந்து வந்ததே. மந்தை பெருகாதவரை அது வெப்பத்தை மேன்மேலும் ஏற்றாது. நிலக்கரி எரிந்து வரும் வாயு அப்படியன்று. அது பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டு கிடந்த கரிமம், காற்றில் வந்தபின் நூற்றாண்டுகள் நிற்கும். மேய்ப்பரின் எருமையையும் அனல்மின் நிலையத்தையும் ஒரே தராசில் வைத்து, ஒன்றின் கணக்கை மற்றதற்குக் கழிப்பது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது.

இன்னொன்று, மேய்ப்பவர். மேம்பட்ட மண்ணை யார் மேம்படுத்துவார், அவருக்கு அந்த நிலத்தில் என்ன உரிமை என்று தீர்மானம் பேசவில்லை. 2022இல் எகிப்தின் ஷர்ம் அல் ஷேக்கில் கொரோனிவியா வேலை முடிந்து, நான்காண்டு நடைமுறைப் பணியாகத் தொடர முடிவானது. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. இந்தச் சொல்லை வாக்கியத்துக்குள் கொண்டுவர இது தக்க தருணம்.

இந்தியா செய்யக்கூடியவை எளியவை. வருவாய்ப் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு என்று இருப்பதை அப்படியே காத்து, பிற பணிகளுக்கு வகைமாற்றம் செய்வதை நிறுத்தலாம். தரிசு என்று எழுதப்பட்ட புல்வெளியைப் புல்வெளி என்று திருத்தலாம். ஐ.நா.வுக்குத் தரும் கரிம வாக்குறுதியில் மரத்தோடு புல்லையும் சேர்த்து, புல்வெளியில் மரம் நடுவதைத் தடுக்கலாம். முள் அகற்றிப் புல் மீட்பவருக்குப் போர்ச்சுகலைப்போல வேலைக்குப் பணம் தரலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்பு, வன உரிமைச் சட்டத்தின்கீழ் பன்னி கிராமங்கள் கேட்ட பொது உரிமைப் பட்டாக்களைக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.